ராஸ் ஆட ஒரு சீட்டுக்கட்டு: ஆறா, ஒன்பதா?

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறது என் சகலை வீடு. சனிக்கிழமை இரவு அங்கே பேஸ்மென்டில் ஆறேழு பேர் சீட்டாட உட்காருவோம். காசு வைப்பதில்லை, வெறும் பிளாஸ்டிக் வில்லைகள்தான். கடைசியில் யாரிடம் குறைவோ அவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டிபன் கொண்டுவர வேண்டும். ரொம்ப நாள் ரம்மிதான் ஓடியது. அப்புறம் சகலை அட்லாண்டிக் சிட்டிக்குப் போய்வந்து ராஸ் என்று ஒன்றை ஆரம்பித்துவைத்தார். 'ராஸ், ஹார்ஸ்' என்று நாங்கள் போனில் பேசுவதைக் கேட்டு, என் மனைவி ஒரு வாரம் குதிரைப் பந்தயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வகைப் போக்கரை மாற்றி மாற்றி ஆடுவதுதான் ஹார்ஸ். ஆங்கிலத்தில் HORSE என்று எழுதினால் நடுவில் வரும் R-தான் ராஸ்.

வீட்டிலிருந்த காகிதக் கட்டு இதற்குத் தாங்கவில்லை. கவிழ்த்துப் போட்ட இரண்டு சீட்டையும் ஆளாளுக்கு ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். மூன்றே வாரத்தில் மூலை மடங்கி, முதுகைப் பார்த்தே இஸ்பேட் ராணி என்று சொல்லும் நிலைமை. அதனால் ஆன்லைனில் 26 டாலருக்கு முழு பிளாஸ்டிக் சீட்டு வாங்கினேன். ஒரு பெட்டியில் இரண்டு கட்டு. மூலையில் பெரிய எழுத்து. இஸ்பேட் கறுப்பு, ஆர்ட்டின் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை என்று நான்கு நிறம். கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

முதலில் நல்லது. எவ்வளவு வளைத்தாலும் நிமிர்ந்துவிடுகிறது. டிகாக்‌ஷன் கொட்டியது, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. புதிதில் கொஞ்சம் வழுக்கும். சாப்பாட்டு மேசையில் பவானி ஜமுக்காளத்தை விரித்த பிறகு போட்ட இடத்தில் நிற்கிறது.

கூடவே வந்த தாளில் போக்கரின் இன்னொரு வகையான ஹோல்டெம் விதி மட்டும்தான், ராஸ் பற்றி ஒரு வரி கிடையாது. வாங்குகிறவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஏழு சீட்டு. முதலில் இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. அடுத்த மூன்றும் ஒவ்வொன்றாகத் திறந்து விழும், ஏழாவது மறுபடி கவிழ்த்து. ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தயம். முதல் இரண்டு சுற்றில் சின்ன அளவு, ஐந்தாவது சீட்டிலிருந்து இரட்டிப்பு. ஏழில் எந்த ஐந்து மிகச் சிறியதோ அதுதான் கை. ஆசு எப்போதும் ஒன்று. வரிசையாக வந்தாலும் ஒரே பூவாக (எல்லாம் இஸ்பேட், எல்லாம் ஆர்ட்டின் என்று) வந்தாலும் கெடுதல் இல்லை, அதனால் ஆசு-2-3-4-5தான் உச்சம். ஜோடி விழுந்தால்தான் கஷ்டம். இரண்டு கைகளை ஒப்பிடும்போது பெரிய சீட்டிலிருந்து இறங்கிவர வேண்டும். 8-6-4-3-ஆசு, 8-7-3-2-ஆசை ஜெயிக்கும். ரம்மியில் ஊறியவனுக்கு இது தலைகீழ். ஆனால் ரம்மியில் தோற்று ஃபுல் பாயின்ட் வாங்கிவிடுவோமோ என்று ராஜா ராணியைக் கழித்துக்கட்டும் பயம் இருக்கிறதே, அது இங்கே நன்றாகவே உதவும். முதல் மூன்றில் எட்டுக்கு மேல் ஒன்று இருந்தால் சீட்டை மடக்கி ஸ்கூட் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதுதான் சரி.

திறந்த முதல் சீட்டில் யாருடையது மிகப் பெரியதோ அவர் கட்டாயமாகச் சின்னதாக ஒன்று போட்டு ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பேரிடம் ராஜா இருந்தால் இஸ்பேட்காரர்தான் மாட்டுவார். ராஸில் பூவுக்கு வேலை இந்த ஒரு இடத்தில்தான். அதாவது நான்கு நிறம் என்று நான் கூடுதலாகக் கொடுத்த காசு தண்டம்.

எண்தான் எல்லாம். அடுத்தவர் முன்னால் திறந்து கிடப்பதை ஓயாமல் வாசிக்க வேண்டும். எனக்கு ஒரு மூன்று தேவை, மேசையில் ஏற்கெனவே மூன்று மூன்றுகள் கிடக்கின்றன என்றால் ஆசையை விட வேண்டியதுதான். கையில் மூன்று இருந்தால் அதே காட்சி சந்தோஷம், ஜோடி விழும் வாய்ப்பு குறைகிறது. இங்கேதான் இந்தக் கட்டு என்னைக் கவிழ்த்தது.

எனக்குக் கீழே ஆசும் நான்கும். மேலே 2, 7, 8. ஐந்தாவது சீட்டிலேயே எட்டுக் கை, அதாவது பெரிய சீட்டு எட்டாக உள்ள கை, முடிந்துவிட்டது. எதிரே சகலை தன் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கியிருந்தார். மேலே கிடந்த ஐந்து முழுதாகத் தெரிந்தது. அதற்கு அடியில் மூன்றும் ஆறும், மூலை மட்டும். நான்காவது சீட்டாக அவருக்கு என்ன விழுந்தது என்று நான் கவனிக்கவில்லை, என் ஏழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்ததில் சிறிய கைதான் முதலில் பேச வேண்டும். அது அவர்தானே என்று காத்திருந்தேன்.

"உங்க பேச்சு சகலை" என்றார்.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பந்தயம் வைக்காமல் செக் என்றேன். அவர் வில்லையைத் தள்ளினார். ஆறுக் கைக்கு முன்னால் எட்டு எதற்கு என்று மடக்கிவிட்டேன். சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டினார். அது ஆறு இல்லை, ஒன்பது. கீழே ஆசும் இன்னொரு ஐந்தும். கை முடியக்கூட இல்லை, ஜோடி.

இந்தக் கட்டில் எழுத்து எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எதிரில் இருப்பவருக்குத் தெரிவது தலைகீழான மூலை. எண்ணிப் பார்க்கப் புள்ளிகளும் மறைந்துவிடும். பிள்ளைகள் ஆடும் ஊனோவில்கூட ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் கோடு இருக்கிறது. ராஸில் ஆறு வரம், ஒன்பது வம்பு. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் எப்படி ஆடுவது?

அகலமும் தொந்தரவு. இது 63 மில்லிமீட்டர் போக்கர் அளவு. நான்கைப் பக்கம் பக்கமாக வைத்தால் கால் மீட்டர் போய்விடும், அதனால்தான் எல்லோரும் அடுக்குகிறார்கள். வாங்குவதானால் 57 மில்லிமீட்டர் பிரிட்ஜ் அளவில், நான்கு மூலையிலும் எழுத்து உள்ளதாகப் பாருங்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தால் 56 சீட்டு வேண்டுமே என்று பயப்படாதீர்கள். பாதிப் பேர் முதலிலேயே மடக்கிவிடுவார்கள். அப்படியும் பற்றாவிட்டால் கடைசிச் சீட்டை நடுவில் பொதுவாக ஒன்று போடுவது வழக்கம்.

சகலையிடம் புலம்பினால், ஹோல்டெமில் பேர் வாங்கிய ஃபில் ஹெல்முத் 2012லும் 2015லும் வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கரில் ராஸ் ஜெயித்த கதையை எடுத்துவிடுகிறார். அவர் எதிரே யார் சீட்டை அடுக்கினார்கள் என்று தெரியவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தூக்கிப்போட மனம் வராமல் மார்க்கரால் கோடு போட்டுப் பார்த்தேன், துடைத்ததும் போய்விட்டது. மகளின் நெயில் பாலிஷ் நின்றது. பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். சகலை ஒரு சீட்டை எடுத்து, கண்ணை மூடி, விரலால் தடவினார்.

"ஆறோ ஒன்பதோ, ரெண்டுல ஒண்ணு. சரியா?"

அந்தக் கட்டில் இப்போது என் மகள் கழுதை ஆடுகிறாள்.