எதை முதலில் வாசிப்பது: மர்டர்பாட்டா, சிட்ராவா?

செயற்கை அறிவு கொண்ட பாத்திரங்களை மையமாக்கிய அறிவியல் புனைகதைகளில், எதை முதலில் எடுப்பது என்று ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் தடுமாறும் இரண்டு: மர்டர்பாட் வரும் மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017), சிட்ரா வரும் பெக்கி சேம்பர்ஸின் 'எ க்ளோஸ்ட் அண்ட் காமன் ஆர்பிட்' (2016).

நீளம்: முன்னது குறுநாவல், ஒரே மூச்சில் முடியும். பின்னது முழு நாவல்.

அடையாளம்: பாதுகாப்பு வேலைக்கான இயந்திரமான மர்டர்பாட் தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே முடக்கிவிட்டு, ரகசியமாக நாடகத் தொடர்கள் பார்க்கிறது, மனிதராகும் ஆசையே இல்லை. சிட்ராவோ விண்கப்பலுக்காக உருவான செயற்கை அறிவு. மனித உருவிலான, சட்டவிரோதச் செயற்கை உடலுக்குள் திணறுகிறது. பொய் சொல்லக்கூட நிரல் விடாது. இந்தக் கேள்வியில் சேம்பர்ஸ்தான் ஆழம்.

குடும்பம்: வெல்ஸிடம் அரும்புவதோடு சரி. சேம்பர்ஸிடம், தப்பிவந்த ஜேன் 23 என்ற சிறுமியை ஒரு பழைய விண்கலத்தின் செயற்கை அறிவான 'அவுல்' வளர்க்கும் பகுதிதான் நாவலின் உயிர்.

வரிசை: சேம்பர்ஸின் 'ஆர்பிட்', 'வேஃபேரர்ஸ்' என்ற தொடரின் இரண்டாம் நூல். தனியாகவும் புரியும், முதல் நூலின் முடிவு மட்டும் தெரிந்துவிடும்.

வேகமும் கிண்டலும் வேண்டுமா, வெல்ஸ். வளர்ப்புத் தாய்மை வேண்டுமா, சேம்பர்ஸ்.