மல்டிமீட்டரா, கேலிபரேட்டரா, ஸ்கோப்பா? 4–20 மில்லிஆம்ப் லூப்பில் பழுது தேடும்போது

ஸ்டென்டர் மெஷினில் (துணியை விரித்துப் பிடித்துச் சூடான காற்றில் பதப்படுத்தும் மெஷின்) துணி மஞ்சளடித்து வந்துகொண்டிருந்தது. செட் பாயின்ட் 190 டிகிரி. திரையில் எண் 181-க்கு மேல் ஏறவே இல்லை. அதைப் பார்த்த கன்ட்ரோலர், சூடு இன்னும் போதவில்லை என்று பர்னரை எரியவிட்டுக்கொண்டே இருந்தது. மெஷினை நிறுத்தி, சூடு 120 டிகிரிக்கு இறங்கியிருந்த நேரத்தில் சூட்டின் அளவை 4 முதல் 20 மில்லிஆம்ப் வரையான கரன்ட்டாகக் கன்ட்ரோலருக்குக் கொண்டுபோகும் வயர்ச் சுற்றில், அதாவது லூப்பில், மல்டிமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 13.6 மில்லிஆம்ப். 0–200 டிகிரி ரேஞ்சுக்குக் கணக்குப் போட்டால் அச்சு அசலாக 120. லூப் சரியாக இருக்கிறது என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அடுத்த ஷிஃப்டில் மறுபடியும் அதே 181.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. அதற்கப்புறம் எந்தப் பழுதுக்கு எந்தக் கருவி என்று யோசிக்க ஆரம்பித்தேன். இந்த ஒப்பீடு அந்த யோசனையில் வந்ததுதான்.

வயரிங் ரொம்பச் சாதாரணம். பிடி-100 சென்சார் (சூட்டுக்கேற்பத் தடை மாறும் பிளாட்டினம் சென்சார்), அதன் தலையில் இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் (அந்தத் தடையை மில்லிஆம்ப்பாக மாற்றுவது), வழியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், பேனலில் 24 வோல்ட் பவர் சப்ளை, 250 ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே கிடைக்கும் 1–5 வோல்ட்டைப் படிக்கிற பிஎல்சி (மெஷினை நடத்தும் கன்ட்ரோலர்). 4 மில்லிஆம்ப் என்றால் 0 டிகிரி, 20 என்றால் 200. வயர் அறுந்தால் 0 மில்லிஆம்ப் ஆகிவிடும். அப்போது உடனே தெரியட்டும் என்றுதான் அளவை 4-ல் தொடங்கினார்கள். சென்சாரே அறுந்தால் டிரான்ஸ்மிட்டர் 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போய் நின்றுகொள்ளும், நாமூர் என்ற தொழில்துறை அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரை அது. ஆகவே 21.5 மில்லிஆம்ப் பார்த்தால் வயரைத் தேடி அலைய வேண்டாம், சென்சார் தலையைத் திறந்தால் போதும். இந்த மாதிரிப் பழுதுக்கு எந்தக் கருவியும் போதும். உயிரை வாங்குவது, பார்க்க உண்மை மாதிரியே இருக்கிற தப்பான எண்.

முதலில் மல்டிமீட்டர். இது இல்லாமல் யாரும் வேலைக்குக் கிளம்புவதில்லை, கிளம்பவும் கூடாது. ஆனால் கரன்ட் பார்க்க லூப்பைக் கழற்றித் தொடராக மாட்ட வேண்டும். ஓடுகிற மெஷினில் கழற்றிய அந்த நொடியே பிஎல்சி 0 மில்லிஆம்ப்பைப் பார்த்து ட்ரிப் அடிக்கும். இதற்காகவே பல டிரான்ஸ்மிட்டர்களில் 'டெஸ்ட்' என்று தனி டெர்மினல் உண்டு. உள்ளே லூப்போடு தொடராக ஒரு டயோடு இருக்கும். மீட்டரை அதன் இரு பக்கமும் வைத்தால், டயோடை விட மீட்டரின் தடை குறைவு என்பதால் கரன்ட் முழுவதும் மீட்டர் வழியாகப் போகும், லூப் அறுபடாது. எத்தனையோ பேர் இந்த டெர்மினலைத் தொட்டதே இல்லை.

மீட்டரின் இன்னொரு பலவீனம் பிடி-100-ஐ அளக்கும்போது தெரியும். 0 டிகிரியில் 100 ஓம், 30-ல் 111.67, 100-ல் 138.51. டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.385 ஓம்தான். ஓம் ரேஞ்சில் 0.9 சதவீதத் துல்லியம் உள்ள சாதா மீட்டரை வைத்தால் பிழை 1 ஓம் வரை போகலாம், அதாவது இரண்டரை டிகிரி. புரோப் வயரின் 0.3 ஓம் இன்னொரு முக்கால் டிகிரி. சென்சார் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல மீட்டர் போதும். இரண்டு டிகிரி தள்ளிக் காட்டுகிறதா என்று தீர்ப்புச் சொல்ல அதற்கு யோக்கியதை இல்லை.

(புரோப்பை மில்லிஆம்ப் ஓட்டையிலேயே விட்டுவிட்டு வோல்டேஜ் பார்த்து ஃபியூஸைப் பொசுக்கியவர்கள் கை தூக்கலாம். அந்த மீட்டரை அடுத்து எடுத்தவர் லூப்பில் போட்டு, 0.00 பார்த்து, வயர் அறுந்துவிட்டது என்று ஜங்ஷன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருப்பார்.)

அடுத்தது லூப் கேலிபரேட்டர். மீட்டர் இருப்பதைப் பார்க்கும். இது நாம் சொன்ன கரன்ட்டை ஓட வைக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் என் ஸ்டென்டர் பழுது அந்த வித்தியாசத்துக்குள்தான் ஒளிந்திருந்தது. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, அதன் இடத்தில் கேலிபரேட்டரை சிமுலேட் மோடில் (லூப்பின் 24 வோல்ட்டிலேயே ஓடி, டிரான்ஸ்மிட்டர் மாதிரி நடிப்பது) மாட்டி 4, 8, 12, 16 என்று ஏற்றினேன். பிஎல்சி எல்லாவற்றையும் சரியாகப் படித்தது. 20 கொடுத்தால் மட்டும் போதிய வோல்டேஜ் இல்லாமல் கரன்ட் ஏற மறுத்தது. ஜங்ஷன் பாக்ஸில் ஒரு டெர்மினல் பச்சை பிடித்து, சுமார் 400 ஓம் தடை சேர்ந்திருந்தது. கணக்கு எளிது: 250-உம் 400-உம் சேர்த்து 650 ஓம். டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும், மிச்சம் 12 வோல்ட். 12-ஐ 650-ஆல் வகுத்தால் 18.46 மில்லிஆம்ப். டிகிரியில் 181. அதற்கு மேல் அந்த லூப்பால் போக முடியாது. 120 டிகிரியில் நான் பார்த்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

நியாயமாகப் பேசினால் மல்டிமீட்டரும் இதைக் கண்டுபிடித்திருக்கும். 13.6 மில்லிஆம்ப் ஓடும்போது டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் 20.6 வோல்ட் இருக்க வேண்டும்; இருந்தது 15 சொச்சம். நான் வோல்டேஜைப் பார்க்கவே இல்லை. கையில் மீட்டர் மட்டும் இருப்பவர் கரன்ட்டோடு நிறுத்தாமல் இதையும் பார்த்தால் பாதி கேலிபரேட்டர் வாங்கிய மாதிரி.

தேடும் வேகத்திலும் கேலிபரேட்டர்தான் முன்னே நிற்கும். லூப்பை நடுவில், பேனல் டெர்மினலில் பிரித்து அங்கிருந்து 12 மில்லிஆம்ப் கொடுங்கள். திரையில் 100 டிகிரி வந்தால் பேனல் பக்கம் சுத்தம். வராவிட்டால் ஃபீல்டுக்கு நடக்கவே வேண்டாம். சோர்ஸ் மோடையும் (கேலிபரேட்டரே தன் சப்ளையிலிருந்து கரன்ட் அனுப்புவது) சிமுலேட் மோடையும் மட்டும் குழப்பக் கூடாது. ஏற்கெனவே 24 வோல்ட் இருக்கிற லூப்பில் சோர்ஸ் மோடில் மாட்டினால் இரண்டு பவர் சப்ளையும் மல்லுக்கு நிற்கும். விலை உறுத்தும்தான். ஃப்ளூக் 789 மாதிரி மீட்டர், கேலிபரேட்டர், 24 வோல்ட் சப்ளை மூன்றும் ஒரே உடம்பில் வேண்டுமென்றால் நிறையக் கொடுக்க வேண்டும். வெறும் மில்லிஆம்ப் கொடுக்கிற சின்ன ஜெனரேட்டர்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. பழுது தேட அது தாராளம். பிடி-100-க்குப் பதிலாக வைக்க 0.1 சதவீதத் துல்லியத்தில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் பையில் இருந்தால், டிரான்ஸ்மிட்டர் 0 டிகிரி காட்டுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

ஹார்ட் கம்யூனிகேட்டரை (லூப் வயர் வழியாகவே டிரான்ஸ்மிட்டரோடு டிஜிட்டலாகப் பேசும் கருவி) இதற்குப் போட்டியாகச் சொல்வார்கள். எனக்கு அது போட்டியாகத் தெரியவில்லை, இரண்டாவது சாட்சி. டிரான்ஸ்மிட்டர் தன் மனதில் 85 டிகிரி என்று வைத்திருக்கிறது, ஆனால் லூப்பில் 10.8-க்குப் பதில் 11.8 மில்லிஆம்ப் ஓடுகிறது என்றால், சென்சாரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை; பழுது அவுட்புட்டிலோ வயரிலோ இருக்கிறது. இப்படி 1 மில்லிஆம்ப் கூடுதலாக ஓடினால் நான் முதலில் தேடுவது தண்ணீரை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மழைக்காலத்துப் புகார்களில் பாதி இதுதான். கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தின் அடைப்பு) சரியாக இறுகாத ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்கி, லூப்பின் இரண்டு வயருக்கும் இடையே 20 கிலோஓம் கசிவு உண்டானால், 21 வோல்ட்டில் 1 மில்லிஆம்ப் சும்மா ஓடும். ரீடிங் 13 டிகிரி கூடும். அதே ஈரம் சென்சார் தலையில், பிடி-100-இன் இரு முனைகளுக்கு இடையே 10 கிலோஓம் கசிவாக இறங்கினால், 138.5 ஓம் 136.6 ஆகும். ரீடிங் 5 டிகிரி குறையும். ஒரே மழை, இரண்டு இடம், எதிரெதிர் பிழை. கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்தே எந்த மூடியைத் திறப்பது என்று முடிவு செய்யலாம். கசிவைப் பார்க்க ஆர்வக்கோளாறில் மெகரை (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) எடுத்து 500 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். இரு முனையிலும் டிரான்ஸ்மிட்டரையும் பிஎல்சி கார்டையும் கழற்றிய பிறகுதான் அந்தக் கருவிக்கு அங்கே வேலை.

வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் மில்லிஆம்ப் கிளாம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லூப்பை அறுக்காமல் 0.01 மில்லிஆம்ப் வரை காட்டும். ஒவ்வொரு முறையும் ஜீரோ செய்துவிட்டு, பெரிய கரன்ட் ஓடும் கேபிளை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். ட்ரிப் ஆகவே கூடாத இடங்களில் பணம் கொடுத்து வாங்கலாம்.

சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேறு ஜாதி. எண் நிலையாகத் தப்பாக இருந்தால் ஸ்கோப் ஒன்றும் புதிதாகச் சொல்லாது. எண் நடுங்கினால்தான் அதன் நேரம். பக்கத்து மோட்டாரை வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் ஓட்டும்போது மட்டும் ரீடிங் துள்ளுகிறது. மல்டிமீட்டரோ சராசரி எடுத்து 12.00 என்று சாதுவாகக் காட்டும். 250 ஓமின் குறுக்கே ஸ்கோப்பை வைத்தால், மெல்லிய 50 ஹெர்ட்ஸ் அலையா, டிரைவ் அனுப்பும் கூர்மையான முட்களா என்று தெரிந்துவிடும். முதலாவது என்றால் பெரும்பாலும் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்திருப்பார்கள். இரண்டாவது என்றால் சிக்னல் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே ட்ரேயில் படுத்திருக்கும். ஸ்கோப் புரோப்பின் கிளிப் மெயின்ஸ் எர்த்தோடு இணைந்தது என்பதை மறந்து லூப்பின் பாசிட்டிவ் பக்கம் கவ்வவிட்டால், நெகட்டிவ் எர்த் ஆன பேனலில் ஷார்ட் ஆகும். பேட்டரி ஸ்கோப் என்றால் இந்தப் பயம் இல்லை. முதல் கருவியாக ஸ்கோப் வாங்கிவிட்டு, கேலிபரேட்டருக்குக் காசில்லை என்று நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கடைசியாக, எல்லாரும் செய்வது: ஸ்பேரை எடுத்து மாற்றிப் போடுவது. ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் நிற்கிறது என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இதைப் பழுது கண்டுபிடித்தல் என்று சொல்ல மனம் வராது. டிரான்ஸ்மிட்டரை மாற்றும்போது டெர்மினல் ஸ்க்ரூவைக் கழற்றி இறுக்குகிறோம். லூசாக இருந்த இணைப்பு சரியாகிவிடும், பேர் புது டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். நல்ல பழையது அலமாரியில் 'ஃபால்ட்டி' என்ற சீட்டோடு உட்கார்ந்துவிடும். எங்கள் அலமாரியில் அப்படி உட்கார்ந்திருந்த நான்கை ஒருநாள் கேலிபரேட்டரில் போட்டுப் பார்த்தேன். மூன்று ஆரோக்கியமாக இருந்தன.

மேலே சொன்ன அத்தனை கருவிக்கும் தப்பித்த பழுது ஒன்றும் உண்டு. சாயத் தொட்டியில் ரீடிங் 6 டிகிரி குறைவு என்று சாயமாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். லூப், டிரான்ஸ்மிட்டர், வயர் எல்லாம் பாஸ். சென்சாரை வெளியே எடுத்து, ஃபிளாஸ்கில் நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டு நுழைத்தேன், 0.1 டிகிரி காட்டியது, அதுவும் பாஸ். பிறகு ஒரு கம்பியைத் தெர்மோவெல்லுக்குள் (சென்சார் உட்காரும் பாதுகாப்புக் குழாய்) விட்டு ஆழத்தை அளந்து, சென்சாரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். யாரோ எப்போதோ மாற்றிய சென்சார், குழாயின் அடியைத் தொடாமல் 40 மில்லிமீட்டர் மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சாயமாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.