கேமரா காம்போ வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரு தாலி கட்டு வீடியோ பறிபோன விவரம்

கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். பதினோரு வருடத் தொழில். குறைந்த பட்ஜெட்டில் கேமரா, லைட், கார்டு எல்லாம் ஒரே இடத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

போன வருடம் தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்து 1,60,000 ரூபாய் புரட்டினேன். என்னிடம் இருந்தது சோனி எம்சி2500 ஒன்றுதான். தோளில் வைத்து எடுக்கும் அந்த கேமராவில் ஃபுல் எச்டி மட்டுமே வரும். வருகிற பார்ட்டி எல்லாம் அதைவிடத் தெளிவான 4கே கேட்கிறார்கள். சென்னையில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒரு கடையில் காம்போ என்றார்கள். சோனி ஏ7 மார்க் 3, டாம்ரான் 28-75 லென்ஸ், பேட்டரி இரண்டு, 128 ஜிபி கார்டு இரண்டு, ஸ்டாண்டோடு எல்இடி பேனல் லைட் இரண்டு. கடையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "தம்பி, ஷட்டர் கவுண்ட் வெறும் 12,000. புதுசு மாதிரி. இந்தியா வாரண்டி இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று லேப்டாப்பில் போட்டே காட்டினார். நானும் கேமராவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்கிராட்ச் இல்லை, லென்ஸில் பூஞ்சை இல்லை. கார்டு, பேட்டரி, லைட் மூன்றையும் பையில் போட்டுத் தந்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

ஷட்டர் கவுண்ட் என்பது போட்டோ எடுத்த கணக்கு. வீடியோ ஓடும்போது அது ஏறாது. ஆயிரம் மணி நேரம் லைவ் ஓட்டிய கேமராவும் 12,000 என்றே காட்டும். என் கேமரா அப்படிப்பட்டதுதான் என்பது முதல் ரிசப்ஷனிலேயே தெரிந்தது. மண்டப எல்இடி ஸ்கிரீனுக்கு லைன் கொடுத்தேன். கேபிளில் கை பட்டால் ஸ்கிரீன் கறுத்துவிடும். இந்த மாடலில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ, ஸ்கிரீனுக்குப் போகும் கேபிளைச் சொருகும் சின்ன வாய். தினம் சொருகிப் பிடுங்கினால் ஆடிப்போகும். டார்ச் அடித்துப் பார்த்தேன், வாயின் ஓரத்தில் முலாம் தேய்ந்து பித்தளை நிறம் தெரிந்தது. கடைக்கு போன் போட்டால், "கேபிளை மாத்துங்க தம்பி" என்றார். மூன்று கேபிள் மாற்றினேன். கடைசியில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்ற செட்டே இல்லை, வாரண்டி கிடையாது என்றார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாதது கார்டு.

இந்த கேமராவில் 4கே எடுக்கும்போது நான் வைப்பது 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். மணிக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் வர வேண்டும். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதி இருப்பதால், ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று இரண்டு கார்டையும் போட்டு வைத்திருந்தேன். இரண்டுமே அந்தப் பையில் வந்தவை.

முந்தைய நாள் ரிசப்ஷனில் 40 நிமிடம் எடுத்தேன். இடம் நிறைய இருக்கிறதே என்று அன்றிரவு காப்பி எடுக்கவில்லை. காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு அதே கார்டில் தொடர்ந்தேன். காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், தாலி கட்டு. கேமரா ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது, நிமிடம் ஓடியது.

மத்தியானம் சிஸ்டத்தில் போட்டேன். ஃபைல் எல்லாம் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது. ரிசப்ஷன் ஓடியது. காலையில் எடுத்த எதுவும் திறக்கவில்லை. இரண்டாவது கார்டிலும் அதே கதை. மேலே 128 என்று அச்சடித்த அந்த கார்டுகளில் உள்ளே இருந்தது 32 ஜிபிதான். அது தீர்ந்த பிறகு எழுதுவது போல நடிக்கும், எங்கேயும் எழுதாது. ரெக்கவரி செய்கிறவரிடம் கொடுத்தேன். எழுதாத ஒன்றை எடுக்க முடியாது என்றார்.

என் உதவியாளர் ஓரத்தில் எம்சி2500 வைத்திருந்தார். அதில் தாலி கட்டும் நேரத்தில் சொந்தக்காரர்கள் எழுந்து நிற்கும் முதுகும், அட்சதை போடும் கைகளும், கெட்டிமேளச் சத்தமும்தான் இருக்கிறது. பெண்ணின் அப்பா அதை என் எதிரிலேயே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "முகம் தெரியலையே தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. வாங்கிய அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு அதனால் ஒன்றும் ஈடாகவில்லை.

ஆகவே புது கார்டு எதுவானாலும், ஸ்டிக்கரில் வி30 என்று வேகக் குறி போட்டிருந்தாலும், முதல் வேலைக்குப் போகும் முன் முழுக்க நிரப்பிப் பாருங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 128 ஜிபி எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படிக்க இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தைக் கொடுங்கள். இரண்டு கார்டை ஒரே கடையில் வாங்காதீர்கள்.

பழைய கேமரா என்றால் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை வாங்கும் உணர்திறன்) ஏற்றி, பத்து நிமிடம் ரெக்கார்ட் செய்து, பெரிய திரையில் பாருங்கள். கறுப்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் நிலையாக நின்றால் சென்சாரில் பழுதான பிக்சல் இருக்கிறது. எச்டிஎம்ஐ சொருகி கேபிளை மெதுவாக ஆட்டுங்கள். சீரியல் நம்பரை சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகு பணம் கொடுங்கள். இன்னொன்று, இந்த மாடலில் ஒரு ஷாட் 29 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். இது பழுதில்லை, அமைப்பே அப்படி. முகூர்த்தத்தை ஒரே ஓட்டமாக எடுப்பவர்களுக்கு கேம்கார்டர்தான் சரி, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

லைட்டில் சிஆர்ஐ 95 என்று போட்டிருந்தது. நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூறுக்கு இத்தனை என்று போடும் அளவு அது. ஆனால் அரக்குப் பட்டு சேற்று நிறமாக வந்தது, மஞ்சள் பூசிய முகத்தில் பச்சை ஏறியது. கலர் கரெக்‌ஷனில் பச்சையைக் குறைத்தால் வாழை மரமும் தோரணமும் செத்துப்போகும். வாங்கும்போதே உங்கள் கையை அந்த வெளிச்சத்தில் நீட்டி எடுத்துப் பாருங்கள், பக்கத்திலேயே வெயிலில் ஒரு ஷாட். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எடிட்டிங்குக்குப் புது சிஸ்டமும் அதே கடையில் வாங்கச் சொன்னார்கள். நல்லவேளையாகப் பணம் இல்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் செய்யும் சின்ன நகல் ஃபைல்) போட்டு என் பழைய சிஸ்டத்திலேயே 4கே ஓட்டுகிறேன், ஒரு எஸ்எஸ்டி மட்டும் சேர்த்தேன்.

கடைசியாக பில். "60,000 ரொக்கமா கொடுத்துடுங்க, ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுடலாம்" என்றார். ஒரு லட்சம் அக்கவுண்டில் போட்டேன், மீதி கையில் கொடுத்தேன். கிடைத்தது எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு. இப்போது அந்த 60,000 கொடுத்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலையும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில் இருந்திருந்தால், கார்டுக்கும் லைட்டுக்கும் அன்றே பணம் கேட்டிருப்பேன். காம்போ என்று மொத்தமாகப் போட்டதால், "கார்டு ஃப்ரீயா கொடுத்தது தம்பி" என்று கையை விரிக்கிறார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். தொழிலுக்கு வாங்கியது, நான் நுகர்வோரே இல்லை என்று கடைக்காரர் தரப்பில் சொல்கிறார்கள். பலரும் இதைக் கேட்டுப் பயந்து விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் அவர் வாரண்டி பற்றி அனுப்பிய குரல் செய்தி, பேங்க் ஸ்டேட்மென்ட், சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட், கார்டு சோதனையின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாய்தா வரும் மாதம். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. இதே மாதிரி காம்போவில் கார்டு வாங்கியவர்கள் இருந்தால், ஆவணி முகூர்த்தம் தொடங்கும் முன் இன்றைக்கு ராத்திரியே சோதனையை ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள்.