பசி வேறு, நாக்கு கேட்பது வேறு: ஓர் அகராதிச் செயலியைப் பற்றி

நீரிழிவு நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் பணிக்காக இந்த அகராதிச் செயலியைக் கட்டணம் செலுத்தி வாங்கி, நான்கு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். பசியையும் தின்னும் ஆசையையும் குறிக்கும் சொற்களுக்கு இது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் வேலை தடைபட்டு நின்றது அந்த இடத்தில்தான்.

கையேட்டில் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது, கைநடுக்கத்தோடும் வியர்வையோடும் திடீரென்று எடுக்கும் பசி ஒன்று. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தும் உடலின் செல்களுக்குள் போய்ச் சேராததால், எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி இன்னொன்று. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று தோன்றுவது மூன்றாவது. முதல் நிலையில் உடனே சர்க்கரை கொடுத்தாக வேண்டும். மூன்றாவதில் அதே சர்க்கரை கேடு செய்யும். ஆகவே இங்கே ஒரு சொல் பிசகினால் நோயாளி செய்வதும் பிசகிவிடும்.

அடங்காத பசிக்குச் செயலி சொற்களை அள்ளித் தந்தது. பெரும்பசி, கடும்பசி, அகோரப்பசி என்று வரிசையாக வந்தவற்றின் இறுதியில் யானைத்தீ நின்றது. மணிமேகலையில் காயசண்டிகையை வாட்டும் நோய் அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டதற்காக முனிவர் இட்ட சாபத்தால் அந்தப் பசி அவளைப் பற்றுகிறது. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால்தான் தீர்கிறது. வயிற்றுக்குள் எரியும் ஒரு தீயை யானையின் அளவுக்கு வளர்த்துப் பார்த்த அந்தச் சொல்லைக் கண்டு நான் சற்று நேரம் வேலையை நிறுத்திவிட்டேன். ஆனால் செயலி தருவது 'தீராப் பசி நோய்' என்ற ஒற்றை விளக்கம் மட்டுமே. எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பே இல்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், சொல் ஆளப்பட்ட நூலைச் சுட்டும் வழக்கத்தை அன்றே கைக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வரும் ஒரு செயலி அதைக் கைவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

'வயா' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அதை வேட்கைப் பெருக்கம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு ஒன்றன்மேல் எழும் அடக்க முடியாத ஆசைக்கும், இன்று நாம் மசக்கை என்று சொல்லும் நிலைக்கும் மிக நெருங்கிய சொல் இது. நிறைசூல் மகளிர் பசும்புளிக்கு ஏங்குவதைக் குறுந்தொகையே பாடியிருக்கிறது. செயலியோ 'வயா' என்றால் 'ஆசை' என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது நிலைக்குத்தான் செயலி அறவே உதவவில்லை. வேட்கை, அவா, நசை, இச்சை, சபலம் என ஐந்து சொற்களை ஒரே பொருளில் அடுக்குகிறது. சபலம் என்பதில் பழி கலந்திருக்கிறது. நோயாளியைப் பார்த்துச் சொல்லத்தக்க சொல் அன்று. 'இனிப்பு வேட்கை' என்று எழுதி, மருத்துவமனை வரிசையில் காத்திருந்த மூதாட்டி ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்ட பிறகும் நாக்கு இனிப்புக் கேட்குமா, பாட்டி?" என்று மாற்றிக் கேட்டதும், "கேக்கும்ப்பா, தெனமும் கேக்கும்" என்று உடனே சொன்னார்.

பேச்சுத்தமிழ் ஒவ்வொரு பசியையும் ஓர் உறுப்பின் பெயரில் வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் துலங்கியது. வயிறு பசிக்கும், நாக்கு கேட்கும், பசியே இல்லாமல் எதையாவது கொறிக்கத் தோன்றினால் வாய் நமநமவென்று இருக்கும், காய்ச்சலில் பல நாள் கஞ்சியையே குடித்தவருக்கு நாக்கு செத்துப்போகும். பட்டினியால் காது அடைக்கும் என்றுகூடச் சொல்கிறோம். இவற்றில் எந்த இரண்டையும் இடம் மாற்றிச் சொல்ல முடியாது. செயலியில் 'நாக்கு' என்று தேடினால் சுவையறியும் உறுப்பு என்ற விளக்கமும் சில பழைய பெயர்களும் வருகின்றன. அது கேட்பதைப் பற்றியோ செத்துப்போவதைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை.

மற்றவற்றில் குறையில்லை. இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது, ரகர றகரங்களை மாற்றித் தட்டினாலும் சரியான சொல்லைக் காட்டுகிறது, எழுத்துகளைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பழைய இலக்கியம் படிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மக்களுக்காக எழுதுபவர்கள் இதை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் கொடுக்கிறேன். நான் திரட்டிய நாற்பது பேச்சுத்தொடர்களைச் செயலியை உருவாக்கியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் அவை இடம்பெற்றால் நான்காவது நட்சத்திரத்தையும் மகிழ்ச்சியோடு சேர்ப்பேன்.