ரைபிள் கட்டைக்கு எந்தத் துணி: கார்பனா, கண்ணாடி இழையா?

அமெரிக்காவில் வேட்டை ரைபிளுக்கு, தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையைத் தாங்களே செய்துகொள்ளும் ஆர்வலர்கள் உண்டு. பழைய மரக்கட்டையை மாதிரியாக வைத்து இரண்டு பாதி அச்சு எடுப்பது, மெழுகு பூசுவது, எப்பாக்சி பிசினில் தோய்த்துத் துணியை அடுக்குவது எல்லாம் கார்பன் துணி, கண்ணாடி இழைத் துணி இரண்டுக்கும் ஒன்றுதான்.

கார்பன் இழையின் விறைப்பு சுமார் 230 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). சாதாரணக் கண்ணாடி இழைக்கு 72 தான். கார்பன் எடையும் குறைவு. மலையேறும் வேட்டைக்காரருக்கு அது தோளில் தெரியும். எடை குறைவதால் சுடும்போது கூடும் உதைப்பும் அதே தோளில்தான் தெரியும்.

ஆனாலும் முதல் கட்டைக்குக் கண்ணாடி இழையையே சொல்வேன். விலை மலிவு என்பது மட்டுமல்ல. பிசின் ஊறியதும் அது ஏறக்குறைய ஒளி புகும்படி ஆகிவிடும். சிக்கிய காற்றுக் குமிழி வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். கறுப்புக் கார்பனோ நம் தவறுகளை மறைத்து வைத்துக்கொள்ளும். தவிர, அது மின்கடத்தி. ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். திருகுத் துளைகளில் அலுமினியக் குழல் வைப்பவர்கள் நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடி இழை கொடுப்பது நல்லது.

உப்புத்தாள் போடும்போது கிளம்பும் தூசியில் மட்டும் இரண்டும் சமம். முகமூடி இல்லாமல் தொடவே கூடாது.