காது ஆபரேஷனுக்குப் பின் வாந்தி: ஆண்டன்செட்ரானா, டெக்சாமெத்தசோனா?

நடுக்காதில் கை வைத்தால் பக்கத்திலேயே இருக்கும் சமநிலை உறுப்பும் சீண்டப்படும், அதனால்தான் தலையில் பெரிய கட்டோடு படுத்திருப்பவர் லேசாகத் தலையைத் திருப்பினாலே கூரை சுற்றி, குமட்டிக்கொண்டு வருகிறது. புதிதாக ஒட்டிய செவிப்பறைக்கு வாந்தியின் அழுத்தம் நல்லதில்லை. எனவே முன்கூட்டியே மருந்து கொடுப்பதுதான் சரி.

ஆண்டன்செட்ரான், வாந்தியைத் தூண்டும் செரடோனின் என்ற உடல் ரசாயனத்தின் வழியை அடைக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 4 மில்லிகிராம், ஆபரேஷன் முடியும் நேரத்தில் ரத்த நாளம் வழியாகப் போடுவார்கள். சீக்கிரம் வேலை செய்யும், தூக்கக் கலக்கம் தராது, ஆனால் சில மணி நேரத்தில் வேகம் குறைந்துவிடும். தலைவலியும் மலச்சிக்கலும் வரலாம். க்யூடி கோளாறு (ஈசிஜியில் தெரியும் ஒரு இதய மின்னோட்டக் கோளாறு) இருப்பவர்கள் கட்டாயம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதால் மயக்கம் கொடுத்த உடனேயே 4 முதல் 8 மில்லிகிராம் போட்டுவிடுவார்கள், அப்புறம் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கத் தாங்கும். விழித்திருப்பவருக்கு வேகமாக ஏற்றினால் அந்தரங்கப் பகுதியில் கடுமையாக அரிக்கும், பாவம், துடித்துப்போவார்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை அளவு ஏறும், கவனம் தேவை.

2004-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில் இரண்டுமே தனித்தனியாக வாந்தி அபாயத்தை ஏறக்குறைய 26 சதவீதம் குறைத்தன, சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடியது. காது ஆபரேஷனுக்கு, அதுவும் பெண்களுக்கும் பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கும், என் தேர்வு இரண்டும் சேர்த்துத்தான். ஒன்றுதான் முடியும், சர்க்கரையும் இல்லை என்றால், இரவு முழுக்கத் துணை நிற்கும் டெக்சாமெத்தசோன்.