ஆர்ட் ஒஃப் ராலியா, அசெட்டோ கோர்சாவா? பழைய கார் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு

அப்பப்பாவின் ஒஸ்டின் ஏ40 இன்னும் எங்கள் கொட்டிலில் நிற்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில், காபரேட்டரில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி அது. நின்ற இடத்தில் அதன் ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோள்களும் வேண்டும். அந்தக் கனத்தைத் தேடித்தான் ஆர்ட் ஒஃப் ராலி, அசெட்டோ கோர்சா என்ற இந்த இரண்டு கணினிக் கார் விளையாட்டுகளையும் வாங்கினேன்.

ஆர்ட் ஒஃப் ராலி 2020இல் வந்தது. அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையான ராலிக் கார்கள், அதாவது மண்பாதை போன்ற வீதிகளில் நேரத்தோடு போட்டிபோடும் கார்கள், உண்டு. உண்மைப் பெயர்கள் இல்லை. ஆனாலும் மினி எது, எஸ்கோர்ட் எது என்று வடிவமே சொல்லிவிடும். சாதாரண மடிக்கணினியும் விசைப்பலகையும் போதும். தங்கையின் மகன் ஒரே மாலையில் பழகிவிட்டான். கென்யாவின் மண்பாதையில் புழுதி எழும்பும்போது எனக்கு நம் செம்மண் ஒழுங்கைகள் நினைவுக்கு வரும். ஆனால் காரை மேலிருந்து பார்த்தே ஓட்டுகிறோம். உள்ளே உட்கார்ந்த உணர்வு வருவதில்லை.

என் மனம் சாய்வது 2014இல் வெளியான அசெட்டோ கோர்சாவின் பக்கம். அதிலுள்ள லோட்டஸ் 49, பந்தய வீரர் ஜிம் கிளார்க் 1967இல் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் ஓட்டி முதல் பந்தயத்திலேயே வென்ற கார். அந்த ஆண்டு அதற்கு, காற்றின் வலுவால் காரைக் கீழே அழுத்தும் இறக்கைகள் கிடையாது. வளைவில் காரைத் தரையோடு பிடித்து வைக்க ரயரைத் தவிர வேறெதுவும் இல்லை. பின்சக்கரம் நழுவத் தொடங்குவதைக் கண் காண்பதற்கு முன்பே கை அறிய வேண்டும்.

எல்லாம் இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது. முதல் இரண்டு வாரம் விசைப்பலகையில் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு சுழன்றேன், விளையாட்டையே அழித்துவிடவும் நினைத்தேன். பிறகு கணினியில் செருகி ஓட்டும் பழைய ஸ்டியரிங் ஒன்று கைக்கு வந்தது. முதல் வளைவிலேயே அது என் விரல்களை எதிர்த்து இழுத்தது. பின்பக்கம் நழுவியபோது அந்த இழுவை சட்டென்று தளர்ந்தது. ஒஸ்டினில் அப்பப்பாவின் மடியிலிருந்து பிடித்த அதே பிடி.

இரண்டாங்கையாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளே மோட்டார் இருக்க வேண்டும். மலிவானவற்றில் வெறும் சுருள்வில்லோ ரப்பர் நாடாவோதான் இருக்கும்; அது நடுவுக்கு இழுக்குமே தவிர, வீதியைப் பற்றி எதுவும் சொல்லாது. மோட்டார் உள்ளவை பெரும்பாலும் மின்சாரம் கொடுத்ததும் தாமாகவே ஒருமுறை இடமும் வலமும் சுழன்று காட்டும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உறுதியான மேசையும் தேவை. என் பிளாஸ்டிக் மேசை மூன்றாம் நாளே விரிசல் விட்டது. மின்வெட்டு வந்தால் மடிக்கணினி பற்றரியில் ஓடும், ஸ்டியரிங் மட்டும் கையில் செத்துப்போகும்.

இணையவழிப் பந்தயம் நான்கைந்து முறைதான் ஓடினேன். ஆர்ட் ஒஃப் ராலியில் எண்பதுகளின் பி பிரிவு எனப்படும், வலு மிகுந்த ராலிக் கார்களைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி என் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்டியரிங் வாங்க வழியில்லை என்றால் தயங்காமல் ஆர்ட் ஒஃப் ராலி. வாங்கிவிட்டீர்கள் என்றால் அசெட்டோ கோர்சாதான். ஆனால் லோட்டஸில் தொடங்காதீர்கள். அதே விளையாட்டில் அபார்த் 595 என்ற குட்டிக் கார் இருக்கிறது. வேகம் குறைவு, பிழைவிட்டாலும் திருத்த நேரம் தரும். நான் ஒரு மாதம் அதில்தான் ஓடினேன்.